பெரிய கொடுவாவுக்கு எந்த ராடு? கடைக்குப் போகும் முன் ஒரு முழு வழிகாட்டி

"பத்துக் கிலோ கொடுவா மீனுக்கு எந்தத் தூண்டில் ராடு வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், எங்கே நின்று போடப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். மீனின் எடையை மட்டும் வைத்து ராடு வாங்கினால் கணக்கு பாதியிலேயே இடறும். திறந்த மணல் கரையில் பத்துக் கிலோ மீனைக்கூட லேசான ராடில் ஓடவிட்டு, களைக்க வைத்து, நிதானமாகக் கரையேற்றிவிடலாம். அதே மீன் பாலத்துத் தூணுக்கு மூன்று மீட்டர் தள்ளி இரையை அடித்தால், நீங்கள் சுதாரிப்பதற்குள் தூணைச் சுற்றிப் போய்விடும். தூண்டில் நரம்பு சிப்பியில் உரசி அறுந்து, கையில் வெறும் ராடு மிஞ்சும். அதனால் மீன் எங்கே ஓடும், அந்த ஓட்டத்தை எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தியாக வேண்டும் என்பதிலிருந்துதான் ராடு தேடலைத் தொடங்க வேண்டும்.

இந்த மீன் நம்மிடம் என்ன செய்யும்

ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி, வங்காளத்தில் பேட்கி, மலேசியாவில் சியாகாப் எல்லாம் நம் கொடுவாதான். ஆப்பிரிக்க ஏரிகளின் நைல் பெர்ச் இதற்கு நெருங்கிய உறவு. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் கொடுவாவையே ஜயண்ட் பெர்ச் என்றுதான் எழுதியிருப்பார்கள். கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் நல்ல தண்ணீரிலும் வளரும், முட்டையிடக் கடல் பக்கம் இறங்கும். பழவேற்காடு, எண்ணூர், முட்டுக்காடு, பிச்சாவரம், முத்துப்பேட்டை, புன்னக்காயல் என்று நம் கரையில் எங்கெல்லாம் ஆறோ கழியோ கடலைத் தொடுகிறதோ அங்கெல்லாம் இதைத் தேடும் ஆட்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவிப் பக்கமும் அப்படித்தான்.

ராடு விஷயத்தில் நமக்கு முக்கியம் இந்த மீனின் மூன்று பழக்கங்கள். ஒன்று, இது கடித்து இழுப்பதில்லை. வாயைப் படாரென்று திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். அந்த நொடியில் ராடின் நுனி கொஞ்சம்கூட இளகாமல் விறைப்பாக இருந்தால் இரை வாய்க்குள் முழுதாகப் போகாது, தூண்டில் முள் உதட்டோரத்தில்தான் மாட்டும். இரண்டு, முள் பட்டதும் அடுத்து தூண், பாறை, சுரபுன்னை வேர் என்று எது பக்கத்தில் இருக்கிறதோ அதை நோக்கி ஒரே ஓட்டம். அதை நிறுத்த ராடின் அடிப்பாகத்தில் வலு வேண்டும். மூன்று, தண்ணீருக்கு மேலே எழும்பி, வாயை அகலத் திறந்து தலையை இப்படியும் அப்படியும் உதறும். பெரும்பாலான பெரிய கொடுவா தப்பிப்பது இந்த உதறலில்தான். தாடை ஓரத்துச் சவ்வு மெல்லியது, முள் குத்திய துளை இழுக்க இழுக்கப் பெரிதாகும், நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் முள் கழன்று விழுந்துவிடும். இந்த உதறலைத் தாங்கிக்கொள்வது ராடின் நடுப்பாகம் வளைந்து கொடுக்கும் விதம்.

நுனியில் இளக்கம், நடுவில் வளைவு, அடியில் வலு. கடையில் எந்த ராடைக் கையில் எடுத்தாலும் இந்த மூன்றையும்தான் தேட வேண்டும். "பெரிய மீனுக்கு விறைப்பான ராடு" என்று நினைத்து உலக்கை மாதிரி ஒன்றைத் தூக்கி வருபவர்களுக்கு மீன் அடிக்கும், ஆனால் கரைக்கு வராது.

முதல் படி: நிற்கும் இடம் நீளத்தை முடிவு செய்யட்டும்

படகிலோ கயாக்கிலோ அலையாத்திக் கால்வாய்களுக்குள் போகிறவர்களுக்கு 6 அடியிலிருந்து 6 அடி 6 அங்குலம் போதும். தலைக்கு மேல் கிளை, பக்கத்தில் இன்னொரு ஆள், உட்கார்ந்தபடி எறிவது என்றிருக்கும் இடத்தில் நீள ராடு வெறும் தொல்லை. எறியும் தூரமும் பத்துப் பதினைந்து மீட்டர்தான். அங்கே குறிதான் முக்கியம், வேருக்கு ஒரு சாண் தள்ளி இரை விழ வேண்டும்.

கரையில் நின்று, தூண்டில் வளைவுக் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கற்சுவர்) கற்களின் மேல் நின்று, முகத்துவாரத்து மணலில் நின்று போடுபவர்களுக்கு 8 முதல் 9 அடி. இதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. கற்குவியலின் மேலிருந்து போடும்போது, ஓடும் மீனின் நரம்பை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கற்களுக்கு மேலே தூக்கிப் பிடிக்க நீளம் உதவும். அலை வந்து நரம்பைத் தள்ளாமலும் இருக்கும். மதியத்துக்கு மேல் நம் கிழக்குக் கரையில் கடற்காற்று முகத்துக்கு நேராக அடிக்கும்போது, 7 அடி ராடில் எறிந்த லேசான இரை காலடியிலேயே விழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

பாலம், படகுத் துறை மேலிருந்து போடுவது தனிக் கதை. கீழே பார்த்துப் போடுவதால் தூரம் தேவையில்லை; நீள ராடு கைப்பிடிச் சுவரில் இடிக்கும். 7 அடி, அடிப்பாகம் கனமாக இருப்பது நல்லது. கூடவே கயிறு கட்டி இறக்கும் வளைய வலை கட்டாயம். அது இல்லாமல் பாலத்தில் பெரிய மீனுக்குப் போடவே போடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. வண்டி ஓடும் பாலங்களில் நிற்க அனுமதி உண்டா என்பதையும், பிச்சாவரம் போன்ற வனத்துறைக் காடுகளில் தூண்டில் போட விடுவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எல்லா இடத்துக்கும் போவேன், ஒரே ராடுதான் வாங்க முடியும் என்பவர்கள் 7 அடி 6 அங்குலத்தை எடுங்கள். எங்கேயும் உச்சம் இல்லை, எங்கேயும் மோசமும் இல்லை.

நீளத்தைப் பற்றி இன்னொரு விஷயம், இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். நீள ராடு மீனுக்குத்தான் நெம்புகோல், நமக்கு இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ராடின் அடி உங்கள் வயிற்றில், ராடை முன்னால் பிடித்திருக்கும் கை, அதாவது முன்கை, அதிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி, நரம்பில் 3 கிலோ இழுப்பு. நரம்பு ராடை விட்டு இறங்கும் இடம் உங்கள் வயிற்றிலிருந்து 1.8 மீட்டர் முன்னால் இருந்தால், முன்கை தாங்க வேண்டியது 12 கிலோ. ராடு நன்றாக வளைந்து அந்தத் தூரம் 1.2 மீட்டராகக் குறைந்தால், அதே இழுப்புக்குக் கை தாங்குவது 8 கிலோதான். அதனால்தான் நடுவரை வளையும் ராடில் அரைமணி நேரம் போராடியும் தோள் வலிக்காது, விறைப்பான நீள ராடில் பத்து நிமிடத்தில் கை நடுங்கும்.

இரண்டாவது படி: எதை எறியப் போகிறீர்கள்

ராடின் மேல் ஒரு கிராம் கணக்கு அச்சிட்டிருக்கும்: 10-30, 15-40 என்று. எறியும் எடை அது. நரம்பின் நுனியில் தொங்கும் எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்த எடையைப் பார்க்க வேண்டும். நான்கு அங்குல ரப்பர் மீன் ஒன்று 8 முதல் 10 கிராம் வரை இருக்கும், அதோடு 10 முதல் 14 கிராம் ஜிக் ஹெட் (ஈயத் தலை வைத்த முள்); ஆகமொத்தம் 20 கிராம் சுமார். 12 சென்டிமீட்டர் மினோ லூரும் (சின்ன மீன் வடிவப் போலி இரை) ஏறத்தாழ அதே எடைதான். ஆக லூர் மட்டும் போடுபவர்களுக்கு 10-30 கிராம் ராடு சரியாகப் பொருந்தும், கொஞ்சம் கனமான பாப்பரோ (தண்ணீர் மேல் சத்தமெழுப்பும் போலி இரை) நீரோட்டம் பலமான முகத்துவாரத்தில் கனமான ஜிக் ஹெட்டோ போட்டால் 15-40.

அச்சிட்ட எடையின் நடுப்பகுதியில்தான் ராடு நன்றாக வேலை செய்யும். 10-30 ராடில் 28 கிராமை வேகமாக வீசினால் சுருதி தப்பும். 10 கிராமை எறிந்தால் ராடு வளையவே வளையாது, தூரமும் போகாது. நீங்கள் அதிகம் போடும் லூரின் எடையை ஒருமுறை சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், டப்பாவில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

உயிர் இரைக்காரர்கள் கணக்கு வேறு. உயிர் இறாலை மிதவையில் கட்டிப் போடும்போது நுனி மென்மையாக இல்லாவிட்டால், எறிகிற வேகத்தில் இறால் ஒரு பக்கமும் முள் ஒரு பக்கமும் பறக்கும். உயிர் மடவை கொஞ்சம் பெரிதாக இருந்தாலே 40, 50 கிராம் வரும், ஈயமும் சேர்த்தால் இன்னும் மேலே போகும். அதற்கு 20-60 மாதிரி ஒரு ராடு வேண்டும், வீசி எறியாமல் மெதுவாக ஊஞ்சல் ஆட்டி விட வேண்டும். வட்ட முள் போடுபவர்கள், அதாவது மீன் தானே திரும்பி மாட்டிக்கொள்ளட்டும் என்று விடுபவர்கள், இன்னும் இளக்கமான ராடை எடுக்கலாம். வட்ட முள்ளுக்கு வெடுக்கென்று இழுக்கும் வேலையே கிடையாது.

மூன்றாவது படி: நரம்பும் வலுவும்

ராடில் லைன் என்று எழுதி 10-20 எல்பி, அல்லது பி.இ 1-2 என்று இருக்கும். ஒரு எல்பி, அதாவது பவுண்டு, 0.45 கிலோ, ஆக 20 எல்பி என்றால் 9 கிலோ, 30 எல்பி என்றால் 13.6 கிலோ. பி.இ என்பது பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய) நரம்பின் தடிமனைச் சொல்லும் ஜப்பானிய எண். பி.இ 1 என்றால் 0.165 மில்லிமீட்டர், பி.இ 2 என்றால் 0.235. பிரெய்டு அதே தடிமனில் ஒற்றை இழை நைலானான தங்கூஸைவிடப் பல மடங்கு வலுவானது. அதனால் தங்கூஸின் தடிமன் கணக்கை வைத்துக்கொண்டு 50 எல்பி பிரெய்டைச் சுற்றினால், அறுவது நரம்பாக இருக்காது, ராடாக இருக்கும்.

பெரிய கொடுவாவுக்கு நான் சொல்வது இது. திறந்த தண்ணீரில் 20 எல்பி பிரெய்டு தாராளம், அதற்கு மீடியம் ராடு. பாறையும் தூணும் உள்ள இடத்தில் 30 எல்பி, அதற்கு மீடியம் ஹெவி. வேருக்குள்ளிருந்து பிடுங்கி எடுக்க வேண்டிய அலையாத்திக் கால்வாயில் 40 எல்பி, அதற்கு ஹெவி. லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்புத் துண்டு) எல்லாவற்றுக்கும் 40 எல்பிக்குக் குறையாமல் இருக்கட்டும். கொடுவாவுக்குக் கிழிக்கும் பல் கிடையாது, ஆனால் வாய்க்குள் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, செவுள் மூடியின் விளிம்பு பிளேடு.

ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கம்) நரம்பு வலுவில் கால் பங்குக்கு வைப்பது வழக்கம். 30 எல்பிக்கு அது 3 கிலோ, கொஞ்சம் கூடலாம். 3 கிலோவா, ரொம்பக் குறைவாக இருக்கிறதே என்று நினைப்பவர்கள் பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நரம்பில் கட்டி, ராடைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். 3 கிலோவிலேயே உங்கள் ராடு பாதி வரை வளைந்து நிற்க வேண்டும். நுனி மட்டும் வளைந்தால் அது உங்களுக்கு அளவு மீறிய ராடு. கைப்பிடி வரை வளைந்து, அதற்கு மேல் வளைய இடமே இல்லாமல் நின்றால் போதாத ராடு. ஒரு ராடை எடைபோட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

மீடியம், மீடியம் ஹெவி என்பதற்கெல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு ஏதும் கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள். ஒருவரின் மீடியம் இன்னொருவரின் மீடியம் ஹெவி. நன்னீர் ராடு வரிசையில் ஹெவி என்று எழுதியிருப்பது கடல் ராடு வரிசையில் மீடியம் லைட் அளவுக்குத்தான் இருக்கலாம். எழுத்தை விட்டு எண்ணைப் பாருங்கள்: கிராம், எல்பி, பி.இ.

எழுத்தைப் படிக்கும்போது இன்னொன்று. எஸ் 762 எம்.எச் என்று இருந்தால், எஸ் என்பது ஸ்பின்னிங் (ரீல் கீழ்ப் பக்கம் தொங்கும்), 76 என்பது 7 அடி 6 அங்குலம், 2 என்பது இரண்டு துண்டு, எம்.எச் என்பது மீடியம் ஹெவி. முதலில் எஸ் இல்லாமல் சி அல்லது பி இருந்தால் அது பெய்ட் காஸ்டர் ராடு, ரீல் மேல் பக்கம் உட்காரும். பெட்டியைப் பிரிக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நான்காவது படி: வளையும் விதம்

வலு வேறு, ஆக்‌ஷன் வேறு. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். வலு என்பது ராடை வளைக்க எவ்வளவு பாரம் தேவை என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனியில் மட்டும் வளைந்தால் எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட், மேல் மூன்றில் ஒரு பங்கு வளைந்தால் ஃபாஸ்ட், நடுவரை வந்தால் மாடரேட், அடிவரை வந்தால் ஸ்லோ.

ஜிக் ஹெட்டில் ரப்பர் மீன் போட்டால் அதற்கு ஒற்றை முள், தடித்த கம்பி. அதைத் தாடை எலும்பைத் தாண்டி ஏற்ற ஒரு வெடுக் இழுப்பு வேண்டும், ஃபாஸ்ட் சரி. மும்முள் கட்டிய மினோ, பாப்பர் என்றால் முள் மெல்லியது, சின்னப் பிடிமானம்; ராடு வேகமாகப் பிடுங்கினால் அந்தப் பிடிமானம் கிழியும். அங்கே மாடரேட் ஃபாஸ்ட். எக்ஸ்ட்ரா ஃபாஸ்டைக் கொடுவாவுக்கு நான் சொல்ல மாட்டேன், குறிப்பாகப் பிரெய்டு போடுபவர்களுக்கு. பிரெய்டு நீளாது. மீன் எழும்பித் தலையை உதறும்போது நரம்பும் நீளாமல் ராடும் இளகாமல் இருந்தால் அந்த உதறல் முழுவதும் முள்ளில்தான் விழும். தங்கூஸ் போடுபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, நரம்பே கொஞ்சம் நீண்டு கொடுக்கும்.

ஒரே ராடு என்றால் ஃபாஸ்டுக்கும் மாடரேட்டுக்கும் நடுவில் நில்லுங்கள். சந்தையில் ரெகுலர் ஃபாஸ்ட் என்றும் மாடரேட் ஃபாஸ்ட் என்றும் எழுதியிருப்பார்கள்.

ஐந்தாவது படி: எதனால் செய்தது

ஃபைபர் கிளாஸ் கனம், மந்தம், ஆனால் சாகாது. படகில் மிதித்தாலும், கல்லில் தட்டினாலும், தம்பி எடுத்துப்போய் மறந்துவிட்டு வந்தாலும் தாங்கும். உயிர் இரை போட்டுவிட்டு ராடைச் சாய்த்து வைத்துக் காத்திருப்பவர்களுக்கு இது போதும். கார்பன் லேசு, நுனியில் நடப்பது கைக்கு உடனே தெரியும். நாள் முழுக்க லூர் எறிபவர்களுக்குக் கார்பன் இல்லாமல் முடியாது. இரண்டையும் கலந்து செய்த ராடுகள் நடுவில் இருக்கின்றன. அக்லி ஸ்டிக் போன்றவை அந்த வகைதான், நுனி திண்மமான கிளாஸ். முதல் ராடு வாங்குபவருக்கு நான் இந்தக் கலப்பு வகையைத்தான் கைகாட்டுவேன்.

24 டன், 30 டன், 40 டன் என்று விளம்பரத்தில் வரும் எண் கார்பன் இழையின் விறைப்பைச் சொல்கிறது, வலுவை அல்ல. எண் கூடக் கூட ராடு லேசாகும், துள்ளும், சட்டென்று முறியவும் செய்யும். கல்லில் ஒரு தட்டு தட்டியதில் விழுந்த கண்ணுக்குத் தெரியாத கீறல், ஒரு மாதம் கழித்துப் பெரிய மீன் மாட்டும்போதுதான் முறிவாக வெளியே வரும். கொடுவாவுக்கு 24 டன்னும் 30 டன்னும் நல்ல இடம். 40 டன்னுக்குக் காசு கொடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. அதேபோல் 99 சதவீதம் கார்பன் என்ற அச்சும் தரச் சான்று இல்லை. எந்த இழை, எப்படிச் சுற்றினார்கள், என்ன பசை என்பதெல்லாம் அந்த எண்ணில் வராது.

கார்பன் மின்சாரம் கடத்தும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று முகம் திறந்து, நல்ல தண்ணீர் கடலுக்குப் பாயும் நாள்களில் கொடுவாவைத் தேடி எல்லோரும் முகத்துவாரத்தில் நிற்பார்கள். அதே நாள்களில்தான் இடியும் மின்னலும். சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லாத மணல் திட்டில் 9 அடி கார்பன் ராடைத் தூக்கிப் பிடித்து நிற்பவர்தான் அங்கே உயரமான கம்பி. முதல் இடிச் சத்தம் கேட்டதும் ராடைக் கீழே போட்டுவிட்டு நகருங்கள். பாலத்தோரம் எறியும் முன் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான்.

வளையம், ரீல் சீட், கைப்பிடி, இணைப்பு

பட்ஜெட் ராடுகளில் காசு மிச்சம் பிடிப்பது நரம்பு ஓடும் வளையத்தில்தான். வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்தாலோ, அது இல்லாமல் வெறும் இரும்பு வளையமாக இருந்தாலோ பிரெய்டு நரம்பை மெல்ல மெல்ல அறுக்கும். அலுமினியம் ஆக்ஸைடு போதுமானது, எஸ்.ஐ.சி (சிலிக்கான் கார்பைடு) என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றிப் பாருங்கள், பஞ்சு இழை மாட்டினால் அங்கே விரிசல். வளையங்களின் எண்ணிக்கை, நுனியை விட்டுவிட்டு, ராடு எத்தனை அடியோ அதைவிட ஒன்று கூடுதலாக இருப்பது பொதுவான அளவு. 7 அடி ராடில் ஐந்து வளையம்தான் இருக்கிறது என்றால் வளையும்போது நரம்பு ராடின் உடம்பிலேயே உரசும். 40 எல்பி லீடரின் முடிச்சு நுனி வளையத்துக்குள் தடையின்றிப் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். போகாவிட்டால் எறியும்போது அங்கேயே டக்கென்று நிற்கும்.

ரீலைப் பொருத்தும் ரீல் சீட்டை இறுக்கி, ரீலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இறுக்கிய பின்னும் ஆடினால் வேண்டாம். கைப்பிடி கார்க்கா, ஈ.வி.ஏ ஃபோமா என்பது ரசனை. உப்புத் தண்ணீரும் இறால் வாடையும் படும் கைக்கு ஈ.வி.ஏ கழுவ எளிது. பின் கைப்பிடி முழங்கை வரை வரட்டும், அதைவிட நீண்டால் ராடை இடப்பக்கம் வலப்பக்கம் மாற்றும்போது சட்டையில் மாட்டும்.

ஒரே துண்டாக இருந்தால் நல்லதுதான், ஆனால் பைக்கிலும் பேருந்திலும் அதை எப்படிக் கொண்டு போவது? இரண்டு துண்டு எடுங்கள். இன்றைய இணைப்புகள் நன்றாகவே இருக்கின்றன. இணைப்பில் கொஞ்சம் மெழுகு தடவி வையுங்கள், எறிய எறியத் தளர்கிறதா என்று அவ்வப்போது ஒரு திருகு திருகிப் பாருங்கள். தளர்ந்த இணைப்போடு எறிந்தால் அந்த இடத்தில் பிளக்கும். டெலஸ்கோப்பிக் ராடு, அதாவது இழுத்து நீட்டும் வகை, கெண்டைக்கும் ஜிலேபிக்கும் சரி. பெரிய கொடுவாவுக்கு வேண்டாம். சண்டை நடுவில் துண்டு சுழலும், வளையம் வரிசை மாறும்.

ரீலைக் கையோடு கொண்டு போங்கள்

ராடை மட்டும் கையில் பிடித்துப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் ரீலை மாட்டி, ரீல் சீட்டின் மேல் முனையில் ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். கிட்டத்தட்டச் சமமாக நின்றால் நாள் முழுக்க எறியலாம், நுனி தொங்கினால் மணிக்கட்டு பேசும். 6, 7 அடிக்கு 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 8, 9 அடிக்கு 4000 அல்லது 5000.

பெய்ட் காஸ்டர் வேண்டுமா? படகில், கிளைக்கு அடியில், சின்ன இடைவெளியில் குறி வைத்துப் போட அதைவிட நல்ல கருவி இல்லை, இழுக்கும் வலுவும் அதிகம். ஆனால் எதிர்காற்றில் லேசான லூரைப் போட்டால் நரம்பு குருவிக்கூடாகும். கரையில் நிற்பவர்களும் புதியவர்களும் ஸ்பின்னிங்கோடு இருங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது

துண்டுகளைச் சேர்த்து, ஒரு கண்ணை மூடி அடியிலிருந்து நுனிவரை பாருங்கள், வளையங்கள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நுனியைக் கையால் பிடித்து வளைக்காதீர்கள், அப்படி வளைத்து முறித்துவிட்டு விலை கொடுத்தவர்கள் உண்டு. "அண்ணே, ஒரு தடவை நரம்பு கோத்து இழுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் சரி என்பார். நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து, நுனியை ஏதாவது கனமான பொருளில் கட்டி, ராடை 45 பாகையில் பிடித்து மெல்ல இழுங்கள். வளைவு ஒரே சீராக இறங்க வேண்டும். ஓரிடத்தில் மூட்டு மாதிரி மடங்கினால் அந்த இடம் பலவீனம். மேலே மின்விசிறி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். கடை விசிறியில் நுனி போன ராடுகள் கொஞ்சமில்லை.

இணையத்தில் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து காணொளி எடுங்கள். கூரியரில் நுனி உடைந்து வருவது சகஜம், காணொளி இல்லாமல் மாற்றித் தருவது கடினம்.

விலையைப் பொறுத்தவரை, 1500 ரூபாய்க்குக் கீழே கிடைக்கும் ராடு, ரீல், நரம்பு எல்லாம் அடங்கிய செட்டைத் தவிர்த்துவிடுங்கள். ராடுக்கு மட்டும் 2500 முதல் 5000 ரூபாய் ஒதுக்கினால் போதுமான தரம் கிடைக்கும். ஷிமானோ, டைவா, அபு கார்சியா, பென், ஒகூமா, நம்மூர் லூகானா எல்லோரிடமும் அந்த அளவில் ராடுகள் உண்டு, மாடல் பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பெயரைத் துரத்தாமல் எண்ணைத் துரத்துங்கள். பணம் கூட இருந்தால் ராடில் கொட்டாமல் ரீலின் டிராக்கிலும், நல்ல பிரெய்டிலும், தடித்த முள்ளிலும் போடுங்கள். லூரோடு வரும் மெல்லிய மும்முள்ளைப் பெரிய கொடுவா நசுக்கி நிமிர்த்திவிடும்.

சுருக்கமாக யாராவது கேட்டால் என் பதில்: முகத்துவாரத்துக்கும் தூண்டில் வளைவுக்கும் 8 அடி 6 அங்குலம், மீடியம் ஹெவி, 15-40 கிராம், 30 எல்பி பிரெய்டு. கயாக்கில் அலையாத்திக்குள் போக 6 அடி 6 அங்குலம், ஹெவி, 10-30 கிராம், பெய்ட் காஸ்டர் தெரிந்தால் அது. பாலத்துக்கு 7 அடி, அடிப்பாகம் கனமான மீடியம் ஹெவி. கொடுவா வளர்க்கும் குட்டையில் காசு கட்டிப் போடுபவர்களுக்கு 7 அடி மீடியம் போதும், அங்கே மீன் ஒளிய இடம் கிடையாது.

வாங்கிய பிறகு

ராடு முறிவது பெரும்பாலும் மீன் ஓடும்போது இல்லை, மீன் காலடிக்கு வந்த பிறகு. வலைக்குள் கொண்டுவரும் ஆசையில் ராடைச் செங்குத்தாகத் தூக்கிப் பின்னால் சாய்ப்போம். அப்போது பாரம் முழுவதும் மெல்லிய நுனிப்பகுதிக்குப் போய்விடும். ராடு கிடைமட்டத்திலிருந்து 60 பாகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, பின்னால் நடந்து மீனை இழுங்கள். மீன் எழும்பப் போகிறது, நரம்பு மேலே வருகிறது என்று தெரிந்தால் நுனியைத் தண்ணீர் பக்கம் தாழ்த்துங்கள், உதறல் குறையும். பாலத்தில் வளைய வலை கட்டாயம் என்றதற்கும் இதுதான் காரணம்: 30 எல்பி என்று ராடில் எழுதியிருப்பது நரம்பின் அளவு. அந்த ராடு 5 கிலோ மீனைத் தொங்கவிட்டுத் தூக்கும் என்று அதற்குப் பொருளில்லை.

வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவுங்கள், பீய்ச்சி அடித்தால் உப்பு ரீலுக்குள் போகும். வளையத்தின் காலடியையும் ரீல் சீட்டின் திருகையும் துணியால் துடைத்து, துண்டுகளைப் பிரித்து, நிழலில் காய விட்டு, நிமிர்த்தி வையுங்கள். கார் டிக்கியில் வெயிலில் பூட்டி வைக்காதீர்கள்.

பெரிய மீன் வந்துவிட்டால், செவுளுக்குள் வெறும் கையை விடாதீர்கள். செவுள் மூடியின் விளிம்பு விரலை எலும்பு வரை கிழிக்கும். கீழ்த் தாடையைக் கவ்வும் பிடிப்பான் அல்லது ரப்பர் வலை போதும், வயிற்றுக்கு இன்னொரு கை கொடுத்துத் தூக்குங்கள். கொடுவா ஆணாகத்தான் முதலில் பருவத்துக்கு வரும், வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். ஆக மிகப் பெரிய மீன் என்றால் அநேகமாக முட்டையிடும் தாய் மீன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளதையும் 120 சென்டிமீட்டருக்கு மேலே உள்ளதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் கரையில் தூண்டில்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் குழம்புக்கு 2, 3 கிலோ மீன்தான் ருசி. பெரியதைத் தண்ணீரிலேயே முள் கழற்றி, வாய் நீரோட்டத்தைப் பார்க்கும்படி பிடித்து, அது தானே வாலை அடித்துக் கிளம்பும்போது விடுங்கள்.